இன்னொரு தடவை நிறுங்க

செவ்வாய்க்கிழமை வந்தால் அந்த வீட்டில் யாரும் யாரிடமும் சத்தமாகப் பேசுவதில்லை. செவ்வாய் கிளினிக் நாள். மகளை எடை மெஷினில் ஏற்றும் நாள். அன்றைக்குக் கதவு கிறீச்சிட்டால்கூட அதற்கு ஒரு முறைப்பு கிடைக்கும்.

இந்தச் செவ்வாயோ சாதாரணச் செவ்வாய் இல்லை. சாப்பாட்டை ஒதுக்கி ஒதுக்கி மெலிந்து கல்லூரிப் படிக்கட்டில் மயங்கி விழுந்த மகளை விடுதியிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தார்களே, அன்றைக்கு டாக்டரம்மா ஒரு கெடு வைத்தார். அது இன்றோடு முடிகிறது. அவர் குறித்த எண்ணை மெஷின் காட்டினால் மகள் விடுதிக்குத் திரும்பிப் போய்ப் படிக்கலாம். காட்டாவிட்டால் இன்றைக்கே வார்டு.

"முதல் நாளே வார்டுல சேத்துடலாம்" என்று சொன்னவள் அம்மா. மாத்திரை பேக் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். ஒரு அட்டையில் ஒரு மாத்திரை குறைந்தாலும் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். "என் பொண்ணு என் வீட்டுல சாப்பிடுவா, நான் பாத்துக்கறேன்" என்று மார்தட்டியவர் அப்பா. வீட்டு முன்னறையிலேயே தையல் மெஷின் போட்டு ஜன்னல் திரை தைக்கிறவர். தெருவே அவரைத் திரைக்காரர் என்றுதான் கூப்பிடும்.

ஜெயித்துக்கொண்டிருந்தவர் திரைக்காரர்தான். வாராவாரம் எடை ஏறியது. டாக்டரம்மா போன வாரம் அவருக்குக் கை கொடுத்தபோது மனுஷனுக்கு உச்சி குளிர்ந்து போனது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் அந்தக் கையை நீட்டி, "டாக்டர் குலுக்கின கை. ரெண்டு நாள் கழுவ மாட்டேன்" என்றார். அவள் சிரிக்கவில்லை.

காலை உணவு மேஜையில் இருந்தது. ரொட்டி, முட்டை, ஒரு கிளாஸ் பால், வாழைப்பழம். எதிரெதிரே அப்பாவும் மகளும்.

கிளினிக்கில் ஒரு உணவு ஆலோசகர் உண்டு. மகள் அவருக்கு வைத்த பெயர் தட்டு மேடம். தட்டு மேடத்தின் சட்டங்கள் கறாரானவை. சாப்பிடும்போது சாப்பாட்டைப் பற்றிப் பேசக் கூடாது. கெஞ்சக் கூடாது, மிரட்டக் கூடாது. நடுவில் எழுந்து போகக் கூடாது. தட்டு காலியான பிறகும் கொஞ்ச நேரம் கூடவே இருக்க வேண்டும். திரைக்காரர் அதையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

"நேத்து ஒரு அம்மா வந்தாங்க" என்று ஆரம்பித்தார். "அவங்க வீட்டு நாய் கலர்லயே திரை வேணுமாம். நாயையே கூட்டிட்டு வந்துட்டாங்க, துணி பக்கத்துல வெச்சுப் பாக்க."

"நாய் என்ன சொல்லுச்சு?"

"அதுக்குப் பிடிக்கல. துணியைக் கடிச்சிருச்சு."

மகளின் உதட்டோரம் லேசாக அசைந்தது. ரொட்டியை நகத்தால் கிள்ளி, கிள்ளினதை இன்னும் சின்னதாகக் கிள்ளி, ஒரு துண்டை வாயில் வைத்தாள். அதை விழுங்க அவள் படும் பாட்டைப் பார்த்ததும் அவர் கண்ணை வாழைப்பழத்துக்குத் திருப்பிக்கொண்டார். முகத்தில் காட்டிக்கொள்ளக் கூடாது, அதுவும் சட்டம்.

"நான் இங்கதான் இருக்கேன்" என்றார். தட்டு மேடம் சொல்லிக் கொடுத்த வாக்கியம்.

"தெரியுது. மலை மாதிரி உக்காந்திருக்கீங்க, ஜன்னல்கூடத் தெரியல."

இந்தக் கிண்டலுக்காகவே அவர் இன்னும் நூறு நாள் உட்காருவார். ஒரு காலத்தில் வீட்டில் இவளுக்கு வாலு என்றுதான் பெயர். வாய் ஓயாது. அந்த வாலு நடுநடுவே இப்படித் தலையை நீட்டும், உடனே உள்ளே போய்விடும்.

வெயில் ஏறிய பிறகும் அவள் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. விரல் நுனிகள் வெளுத்து நீலம் பாய்ந்திருந்தன. திரைக்காரர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, மெஷின்தான் ஏறுதே, அது போதாதா என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டு எண்ணை நம்புவது எவ்வளவு வசதி, பாருங்கள்!

தட்டு காலியானது. சீட்டுக் கட்டை எடுத்து இருவரும் விளையாடினார்கள். அவள் வழக்கம்போல் ஏமாற்றி ஜெயித்தாள். அதன் பிறகு குளிக்கப் போனாள்.

திரைக்காரர் முன்னறைக்கு வந்தார். ஒரு ஓட்டலுக்குத் தைத்த திரைகள் மேஜையில் மலையாகக் கிடந்தன. ஓரம் அடிப்பதுதான் பாக்கி. நல்ல திரை காற்றில் படபடக்காது. நேராக, கனமாகத் தொங்கும். அதற்காகக் கீழ் மடிப்புக்குள் ஈயச் சரம் வைத்துத் தைப்பார்கள். சின்னச் சின்ன ஈய மணிகளைத் துணிக் குழாய்க்குள் கோத்த சரம். அவர் ஈயச் சரத்தின் உருளையைத் தூக்கினார்.

உருளை லேசாக இருந்தது.

நானே வெட்டி உபயோகிச்சிருப்பேன், வயசாகுது, புத்தி மழுங்குது என்று முணுமுணுத்துக்கொண்டே உருளையைக் கீழே வைத்தார். அப்போதுதான் கொடியில் இஸ்திரி போட்டுத் தொங்கிய மகளின் நீள ஸ்கர்ட் கண்ணில் பட்டது. கிளினிக்குக்குப் போட்டுக்கொண்டு போகிற ஸ்கர்ட். ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல் விட்டிருந்தது. தையல்காரர் வீட்டுப் பெண் ஓரம் பிரிந்த துணியோடு போனால் எப்படி? ஊசியை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த ஸ்கர்ட்டும் அவர் தைத்ததுதான். விடுதியிலிருந்து வந்த புதிதில், எதுவுமே வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மகள் முதன்முதலாக வாய் திறந்து கேட்டது. "காத்துல பறக்குதுப்பா. உங்க திரை மாதிரி கனமா விழணும்." அவருக்குத் தலைகால் புரியவில்லை. மகள் ஒன்று கேட்டுவிட்டாள்! அன்றைக்கே துணி வெட்டி, ஓரத்தை அகலமாக மடித்து, உள்ளே மெல்லிய ஈயச் சரம் ஒன்றும் வைத்துத் தைத்துக் கொடுத்தார். ஊரில் வேறு எந்த அப்பனுக்கும் தோன்றாத யோசனை. திரைக்காரருக்குக் கனம் என்றால் துணி விழுகிற அழகு. எடை மெஷின் என்று ஒன்று இருப்பதே அப்போது அவர் புத்தியில் இல்லை.

இப்போது மடிப்பைக் கையில் எடுத்தார். அவர் வைத்த சரம் இவ்வளவு கனக்காது.

விட்டிருந்த இடத்தில் விரலை நுழைத்தார். ஒரு சரம். அதன் மேல் இன்னொன்று. அதற்கும் மேல் இன்னொன்று. இடுப்புப் பட்டியைத் தடவினார், அங்கேயும். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு நூலில் தைத்திருந்தாள். ஒரு வாரம் நீலம், ஒரு வாரம் பழுப்பு, கைக்குக் கிடைத்தது எதுவோ அது. வாராவாரம் ஏறியது எது என்று திரைக்காரருக்கு விளங்கிவிட்டது.

முதலில் கோபம் வரவில்லை, வெட்கம் வந்தது. டாக்டரம்மா குலுக்கிய கையைப் பார்த்தார். பிறகுதான் பயம் வந்தது. அது வந்த வேகத்தில் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஏறியது ஈயம்தான் என்றால் பிள்ளை இறங்கிக்கொண்டே அல்லவா போயிருக்கிறாள்? தினமும் எதிரே உட்கார்ந்து என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்?

வாசலில் செருப்புச் சத்தம். அம்மா அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

"ஏங்க, கிளம்பலையா இன்னும்?"

திரைக்காரரின் கை அவரைக் கேட்காமலே ஊசியில் நூல் கோத்தது. சரசரவென்று ஓரத்தைத் தைத்து மூடியது. அவள் உள்ளே வருவதற்குள் முடிச்சும் போட்டாகிவிட்டது. மனைவியிடம் தோற்க அவருக்கு மனசு வரவில்லை. வெட்கக்கேடுதான், என்ன செய்வது, உண்மை அதுதான்.

"இதைப் பாருங்க" என்றாள் அம்மா. கையில் புதுத் தோள்பை. "ஹாஸ்டலுக்குப் பழைய பை கிழிஞ்சு போச்சுன்னு சொன்னாள்ல? வர்ற வழியில வாங்கினேன்."

அவர் பையையே பார்த்தார்.

"என்ன பாக்கறீங்க? ஆமா, நான்தான் வார்டு வார்டுன்னு குதிச்சேன். நீங்க சாதிச்சுக் காட்டிட்டீங்க. ஒத்துக்கறேன், போதுமா?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்வதற்கு இந்த நாளா கிடைத்தது! டாக்டரம்மாவைத் தனியாகப் பிடித்துச் சொல்லிவிடலாம், கிளினிக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று திரைக்காரர் நினைத்துக்கொண்டார்.

மகள் வந்து ஸ்கர்ட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். கதவு திறக்க வெகு நேரமானது. வெளியே வந்தபோது அப்பாவை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். அவர் கத்தரிக்கோலைத் தேடுகிறவர் போலக் குனிந்துகொண்டார்.

டாக்சியில் அம்மா மட்டுமே பேசினாள். விடுதியில் எந்த அறை, யாரோடு, வாரம் எத்தனை தரம் போன் செய்ய வேண்டும். மகள் பின் சீட்டில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, வழி முழுக்க அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

கிளினிக்கில் தனியாகப் பேச வாய்ப்பே கிடைக்கவில்லை. உள்ளே நுழைந்ததும் நர்ஸ் பெயரைக் கூப்பிட்டார். செருப்பையும் ஸ்வெட்டரையும் கழற்றச் சொன்னார். மகள் மெஷினில் ஏறினாள். எண்கள் ஓடி, தள்ளாடி, நின்றன.

"டாக்டர், டார்கெட் வந்தாச்சு" என்றார் நர்ஸ்.

அம்மா அழுதுவிட்டாள். பத்து ஆட்களை ஒரே அதட்டலில் நிற்க வைக்கிறவள், சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. மகளின் மணிக்கட்டில் விரலை வைத்தபடி வெகு நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடை ஏறியிருக்கு. ஆனா நாடி இன்னும் இறங்கியிருக்கு. ரெண்டும் எனக்குப் பொருந்தி வரல" என்றார். "தினமும் கூட உக்கார்றது நீங்கதானே சார். நீங்க சொல்லுங்க. இவளைத் தனியா அனுப்பலாமா?"

ஒரு வார்த்தைதான். அனுப்பலாம். சொல்லிவிட்டால் மகள் சந்தோஷப்படுவாள். மனைவி பிடித்த கையை விட மாட்டாள். மகள் புதுப் பையை மாட்டிக்கொண்டு போவாள், இந்த ஈயத்தைச் சுமந்துகொண்டு, எதிரே உட்கார யாருமே இல்லாத ஊருக்கு. ஒரு நாள் அந்த ஊரிலிருந்து போன் வரும். பேசுவது மகளாக இருக்காது.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தார்.

"இன்னொரு தடவை நிறுங்க, டாக்டர்."

"என்னது?"

"ஸ்கர்ட்டை மாத்திட்டு நிறுங்க. கீழ் மடிப்புல ஈயம் இருக்கு."

அம்மா பிடித்திருந்த கை மெதுவாக விலகியது. நர்ஸ் மகளின் தோளைத் தொட்டு, மறைப்புக்குப் பின்னால் அழைத்துப் போனார். தொளதொளவென்ற ஆஸ்பத்திரி அங்கியில் அவள் வெளியே வந்தபோது அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டில் ஸ்வெட்டருக்குள் இருந்த பெண்ணா இது? தோள் எலும்பு அங்கியை முட்டிக்கொண்டு நின்றது.

இந்த முறை நர்ஸ் எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை. டாக்டரம்மாவே எழுந்து வந்து பார்த்தார். மயங்கி விழுந்த நாளில் இருந்ததைவிடவும் குறைவு.

"தினமும் சாப்பிட்டாளே!" என்றாள் அம்மா. "அதெல்லாம் எங்க போச்சு? ஏண்டி, எங்களை என்ன முட்டாளுன்னு நெனச்சியா?"

"அம்மா, போதும்" என்றார் டாக்டரம்மா. "சாப்பிட்டதைக் கரைக்கக் கதவைச் சாத்திட்டு ராத்திரி முழுக்கக் குதிச்சிருக்கலாம், வேற ஏதாவதும் செஞ்சிருக்கலாம். அதைத் தோண்ட நேரம் வரும். இவ உங்களை ஏமாத்தலை. இவளுக்குள்ள இருக்கற நோய் எல்லாரையும் ஏமாத்துது, முதல்ல இவளை. இப்போ எனக்குக் கவலை இதயம். இன்னிக்கே அட்மிஷன்."

அம்மா கணவன் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"காலையில."

"காலையிலயா? நான் பையை வெச்சுக்கிட்டு நிக்கறப்பவா?"

அவர் தலையை ஆட்டினார். அவள் கத்தியிருந்தால் தேவலை. சுவரோரம் போய் நின்றாள்.

பேசினது மகள்.

"தெரிஞ்சும் தைச்சுக் குடுத்தீங்க." என்றாள். "உங்க தையல் எனக்குத் தெரியாதாப்பா? மாத்தும்போது பாத்தேன். அப்பா கண்டுபிடிச்சிட்டார், இப்போ சொல்லுவார், இப்போ சொல்லுவார்னு டாக்சியில உங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டு வந்தேன். நீங்க திரும்பவே இல்ல. சரி, அப்பாவும் என்னை விட்டுட்டார்னு நெனச்சேன். எவ்வளவு பயமா இருந்துச்சு தெரியுமா?"

திரைக்காரர் அழுதார். மறைக்கவில்லை, துடைக்கவும் இல்லை. "தப்புதான்மா. பெரிய தப்பு" என்றார்.

"நீங்க வார்டுக்கு வராதீங்க. அம்மா வரட்டும்."

வார்டு மாடியில் இருந்தது. சாப்பாட்டு வேளையில் குடும்பத்தில் ஒருவர் கூட உட்காரலாம் என்றார்கள். ஒருவர்தான். திரைக்காரர் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். மகள் கழற்றிக் கொடுத்த ஸ்கர்ட்டை நர்ஸ் ஒரு பையில் போட்டு அவர் கையிலேயே கொடுத்திருந்தார். மடியில் அது பிணம் போலக் கனத்தது.

மதியச் சாப்பாட்டுத் தட்டு உள்ளே போயிற்று. கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. அம்மாவின் குரல் கேட்டது. அதிகாரம் பண்ணியே பழகிய குரல் தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தது.

"நேத்து கம்பெனியில... ஒருத்தர்... மாத்திரை அட்டையைத் தலைகீழா... எனக்குக் கதை சொல்லத் தெரியலடி. உங்கப்பா மாதிரி வராது. ஆனா நான் எழுந்து போக மாட்டேன்."

வெகு நேரம் கழித்துக் கரண்டி தட்டில் படும் சத்தம் ஒரு தரம் கேட்டது. திரைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

கதவு திறந்தது. அம்மா வந்து பெஞ்சின் மறு கோடியில் உட்கார்ந்தாள்.

"பாதி சாப்பிட்டா. மீதிக்குப் பதிலா நர்ஸ் பால் குடுத்தாங்க, குடிச்சா" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல். "உங்ககிட்ட எனக்குப் பேச நிறைய இருக்கு. இப்போ இல்ல. போங்க, உங்களைக் கூப்பிடறா."

"என்னையா? வராதேன்னாளே?"

"எனக்கென்ன தெரியும்? போங்கன்னா போங்க."

மகள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். மார்பிலிருந்து ஒயர்கள் ஒரு பெட்டிக்குப் போயின. பெட்டியில் கோடு நிதானமாக, ரொம்ப நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் கட்டிலுக்கு ஓரடி தள்ளி நின்றார். கிட்டே போக உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

"சுருட்டையை ஞாபகம் இருக்கா?" என்றாள்.

சுருட்டை முடிக்காரப் பெண். இதே நோய்க்காரர்கள் கூடிப் பேசும் கிளினிக் குழுவில் இவளோடு உட்காருகிறவள். ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். இரண்டு பேரும் முன்னறையில் துணிக் குவியலில் உருண்டு சிரித்தார்கள். மகளின் சிரிப்பைக் கேட்ட சந்தோஷத்தில் திரைக்காரருக்கு மனசு நிறைந்து போயிற்று. "அவளுக்கும் ஒண்ணு தைச்சுக் குடுங்கப்பா" என்றாள் மகள். அளவு எடுத்து, அதே துணியில், அதே மாதிரி ஓரத்தில் ஈயம் வைத்து...

"ஐயோ" என்றார் திரைக்காரர்.

"அவளுக்குப் போன வாரம் டார்கெட் வந்துடுச்சு. அனுப்பிட்டாங்க. தனியா ரூம் எடுத்து இருக்கா. நேத்துலேருந்து போன் எடுக்கலப்பா."

மகளின் கண்ணில் நீர் கோத்து நின்றது. ஆனால் பார்வை அவர் முகத்தை விட்டு நகரவில்லை.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்னு ரெண்டு பேரும் சத்தியம் பண்ணியிருக்கோம். என்னால சொல்ல முடியல. என்னைக் காட்டிக் குடுத்தீங்கல்ல? அவளையும் காட்டிக் குடுங்கப்பா. சீக்கிரம்."

திரைக்காரர் ஓடினார். டாக்டரம்மாவின் அறைக் கதவைத் தட்டக்கூட இல்லை, தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.